சரணடைந்த பதினொரு பேர்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவளுக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. யார் கண்ணுக்கும் தப்பும் கீறல் அவளிடம் தப்பாது. ஞாயிறு மதியங்களில் மட்டும் அவள் காட்டு ராஜ்யத்தின் ராணி. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போர் விளையாட்டின் அட்டை வரைபடம் விரியும். அவளும் கணவரும் ஓரணி. அக்காவும் அத்தானும் ஆற்று ராஜ்யம்.

ஒரு ஞாயிறு ஆற்றுக் கோட்டை விழுந்தது. பதினொரு மரக்காய்கள் வெள்ளைக்கொடி காட்டின. உயிருக்கு உத்தரவாதம் என்றாள். ஆனால் கைதிகளுக்குத் தானியம் போட்டே களஞ்சியம் காலியாகிவிடும் போலிருந்தது. தன் அடுத்த முறை வந்ததும் அவர்கள்மீது தன் டிராகனை ஏவிவிட்டாள். விதிமுறையில் தடை ஏதும் இல்லை.

அத்தான் எழுந்தே விட்டார். "வாக்குக் கொடுத்துட்டு இப்படிச் செய்யலாமாம்மா?"

"விளையாட்டுதானே அத்தான்!"

அந்தப் பதினொரு காய்களை எடுத்து வைக்கும்போதுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பஸ் கண்டக்டரான அத்தான் ஒவ்வொன்றிலும் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். சமையல்காரன். தச்சன். முரசடிப்பவன். புதுமாப்பிள்ளை.

அந்த வாரம் முழுக்க, லென்ஸ் தேய்க்க உட்கார்ந்தால் புதுமாப்பிள்ளை வந்து எதிரே நின்றான். வியாழக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என் மேல வழக்குப் போடுக்கா."

"உனக்கென்ன கிறுக்கா?"

"நிஜமாத்தான் சொல்றேன். நீயே நீதிபதியா இரு."

ஞாயிறு அக்கா கறுப்புப் போர்வையோடு வந்து உட்கார்ந்தாள். "எதிரணி ஆளே நீதிபதியா?" என்று கணவர் துள்ளினார். "உட்காருங்க," என்றாள் நீதிபதி.

"அவங்க மட்டும் நம்ம கிணத்துல விஷம் கலக்கலையா?" என்று அடுத்த அம்பை விட்டார் அவர்.

"அது தனி வழக்குங்க," என்றாள் பூதக்கண்ணாடி. "இது நான் செஞ்சது. டிராகன் மேல பழி போட முடியாது. ஏவினது நான்தான்."

தீர்ப்பு: கிரீடம் பறிமுதல். ஆட்டம் முடியும்வரை அவள் கோட்டையில் சமையல்கூடம் நடத்தி, இரண்டு பக்கத்துக் கைதிகளுக்கும் சோறு போட வேண்டும். படை கணவர் கைக்குப் போனது.

அலுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அடுத்த வாரமே இரு படைகளும் அவள் அடுப்படியில் குவிந்தன. டிராகன்கூடப் பசியென்று வந்து நின்றது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் கோத்தது.

அப்போது அத்தான் மெதுவாகக் கையைத் தூக்கினார். "அந்தக் கிணத்து விஷயம்... அது நான்தான்."

"எனக்குத் தெரியாமலா?" அக்கா அதிர்ந்தாள். தண்டனை உடனே கிடைத்தது: ஆற்று ராஜ்யத்தின் தளபதி இனிச் சமையல்கூடத்துக்குத் தண்ணீர் சுமப்பார்.

"இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார் காட்டுப் படையின் புதுத் தளபதியான கணவர்.

"வரிசையில வாங்க," என்றாள் முன்னாள் ராணி.