முன் கண்ணாடியில் ஒரு பொட்டு

2007-ஆம் வருட ஆயுத பூஜை அன்று ஆரம்பித்தது இது. அப்போது விழுப்புரத்தில் குடியிருந்தோம். என் கணவரிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. அதைத் துடைக்கிற அக்கறையில் கால்வாசியாவது என்னிடம் காட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பூஜை முடிந்ததும் என் தம்பி சாமி வந்தவன் மாதிரி தேங்காயை ஓங்கி காருக்கு முன்னால் தரையில் அடித்தான். ஒரு மூடி எகிறிப்போய் முன் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அன்று கணவர் வடை, பாயசம் எதையும் தொடவில்லை.

அந்த மாடல் கார் வருவதே நின்றுபோயிருந்தது. புதுச்சேரி, சென்னை புதுப்பேட்டை என்று அலைந்தார். ஒன்றிரண்டு பேர் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். சரியென்று போனால், அதற்குள் வேறு யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். பேசாமல் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கண்ணாடி கிடைக்காவிட்டால் அதுதான் நடக்கும் என்று அவருக்கும் தெரியும்.

கடைசியில் திண்டிவனத்து மெக்கானிக் ஒருவர், ஒலக்கூர் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் அதே கார் ஓடாமல் நிற்பதாகச் சொல்லி எங்களை அழைத்துப் போனார். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. அடித்தகடு துருப்பிடித்து, பின்சீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள். ஆனால் முன் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

அந்த விவசாயி டீ கொடுத்து உபசரித்தார். கண்ணாடி என்றதும் முடியாது என்றுவிட்டார். அந்தக் காரில்தான் மகளுக்குப் பெண் அழைப்பு நடக்க வேண்டும் என்பது இறந்துபோன அவர் மனைவியின் ஆசையாம். இஞ்சினுக்கு சாமான் தேடி அவரும் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். உங்கள் வண்டியை எனக்குக் கொடுத்துவிடுங்களேன் என்று எங்களையே கேட்டார். இவரும் முடியாது என்றார். ஒருவர் வண்டி பிழைக்க இன்னொருவர் வண்டி போக வேண்டும். இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே பாவமாக இருந்தது.

கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டோம். அவர் பின்னாலேயே வந்தார்.

"கண்ணாடியை எடுத்துக்கினு போங்க. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். அன்னிக்கு உங்க வண்டியை எடுத்துக்கினு வந்துடுங்க. வேற எதுவும் வேணாங்க" என்றார்.

மெக்கானிக் ரப்பரை உருவிக் கண்ணாடியைக் கழற்றினார். உள்பக்கம், இடது ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அவர் நகத்தால் சுரண்டப் போனார். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அது அவ ஒட்டினதும்மா" என்றார் விவசாயி. "முகம் துடைக்கறப்போ அங்கதான் எடுத்து ஒட்டுவா."

தை மாதம் சொன்னபடி போனோம். காருக்குப் பக்கத்தில் யாரையும் தேங்காய் உடைக்க என் கணவர் விடவில்லை. தட்டோடு வந்தவரைத் தெருமுனைக்கே துரத்திவிட்டார். கல்யாணப் பெண்ணுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தோம். அவள் நேராக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா இங்கதான் குந்துவாங்க" என்றாள் என்னிடம். அப்புறம் கோயிலிலிருந்து மண்டபம் வரும் வரை விரலை எடுக்கவில்லை. அவள் அப்பா மேளக்காரர்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் பின்சீட்டில் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது பழைய கார்கள் சேர்ப்பவர்கள் சென்னையிலிருந்து வந்து, நாங்கள் நினைத்தும் பார்க்காத விலைக்குக் கேட்கிறார்கள். சில நாள் என் கணவருக்கே சபலம் தட்டும். எடைக்குப் போடச் சொன்ன நான்தான் இப்போது குறுக்கே நிற்கிறேன். வண்டி வேண்டுமானால் நம்முடையதாக இருக்கலாம், அந்தக் கண்ணாடி நம்முடையது இல்லையே.