சாம்பல் பருந்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

ஹேமா, சரண், நம் காருக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்சீட்டில் உட்காரும் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கனமாக எதையாவது வைத்தால், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். போன மாதம் லைப்ரரியிலிருந்து உங்களுக்காக 'சாம்பல் பருந்து' காமிக்ஸின் தடித்த தொகுதிகளை ஒரு பையில் போட்டு அந்த சீட்டில் வைத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி கத்த ஆரம்பித்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, பையின்மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். உடனே அடங்கியது. பெர்த்துக்கு வந்து இத்தனை வருஷம் கழித்தும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் எனக்கு விசித்திரமாக இருக்கின்றன. வீடு வரும்வரை இடப்பக்கம் திரும்பிப் பார்க்காமலே ஓட்டினேன். திரும்பினால் அங்கே யார் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"எதுலருந்து ஆரம்பிக்கணும் நைனா?" என்று நீதான் கேட்டாய், ஹேமா. நியாயமான கேள்வி. அந்தக் கதை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கிறது. லைப்ரரியில் ஓர் அலமாரி முழுக்க அதுதான். நான் வெல்டர். ஒரு குழாயை எந்த இடத்தில் பற்றவைக்க ஆரம்பிப்பது என்று கேட்டால் உடனே சொல்வேன். புத்தகத்துக்கு யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். கவுண்ட்டரில் இருந்த அம்மாளிடம், "புதிதாக வருகிறவர்கள் எங்கே தொடங்க வேண்டும்?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன். கையில் ஒரு புத்தகத்தை எடுத்துப்போயிருக்கலாம், தோன்றவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். ரொம்பக் கனிவாகச் சிரித்தார். புதிதாகக் குடியேறியவர்களுக்கு நடத்தும் இலவச இங்கிலீஷ் வகுப்பின் நோட்டீஸை எடுத்து நீட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள் என்றார். நன்றி சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

பிறகு ஷாப்பிங் சென்டரில் இருக்கும் காமிக்ஸ் கடைக்குப் போனேன். கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு பையன், "எங்க வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், மேட்" என்றான். முதல் நம்பர் என்று ஒன்று இருக்குமே என்றேன். "எந்த முதல் நம்பர்?" என்று கேட்டு, அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினான். எல்லாவற்றிலும் 'ஒன்று' என்றே போட்டிருந்தது. எழுதுகிறவர் மாறினாலோ விற்பனை குறைந்தாலோ மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்களாம். நம்பர்தான் புதிது, பருந்துக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருக்கும் என்றான். நான் அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மஸ்கட்டில் இறங்கிய அன்றைக்கு எனக்கு ஒரு நம்பர் ஒன்று. இங்கே இறங்கிய அன்றைக்கு இன்னொன்று.

எனக்கும் பருந்துக்கும் உள்ள பழக்கத்தை இனிமேல் சொல்ல வேண்டும். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். ஆபீஸ் எல்லாம் தெலுங்கு. என் நைனா, உங்கள் தாத்தா, ஒரு கணக்குப் போட்டார். பெரியவன் தெலுங்கு மீடியம் படித்து இந்தப் பக்கம் வேலைக்குப் போகட்டும், சின்னவன் தமிழ் மீடியம் படித்து மெட்ராஸ் பக்கம் போகட்டும், எந்தக் கதவு திறந்தாலும் ஒருத்தன் உள்ளே போய்விடுவான் என்றார். பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். அதனால் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்த எங்கள் இரண்டு பேருக்கும் ஒருத்தன் புத்தகம் மற்றவனுக்கு வெறும் கோலம். அந்தப் பெரியவன்தான் உங்கள் பெரியப்பா முனிரத்தினம். நீங்கள் போட்டோவில் மட்டும் பார்த்தவர்.

பத்தாவது முடித்ததும் அண்ணன் இன்ட்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கச் சந்திரகிரிக்குப் போனான். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டு வாசலில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு காமிக்ஸ் வாங்கி வருவான். இங்கிலீஷிலிருந்து தெலுங்கில் போட்டது. பேர் 'பூடித கத்த'. தெலுங்கில் பூடித என்றால் சாம்பல், கத்த என்றால் பருந்து. பாதிக்கு அட்டை இருக்காது. ஒரு வாரம் இருபதாம் நம்பர் வரும், அடுத்த வாரம் ஏழாவது வரும். எது கிடைத்ததோ அதுதான் ஆரம்பம். பம்புசெட் ரூமில் உட்கார்ந்து அவன் தெலுங்கைப் பார்த்துத் தமிழில் படிப்பான். அவன் வாயில் பருந்து எங்கள் ஊர்க்காரன். "இன்னாடா, கொழுப்பா? எறங்குடா கீழ" என்று வில்லனை மிரட்டுவான். வில்லன் மட்டும் தெலுங்கு பேசுவான், அதுவும் ஆர்டிசி பஸ் கண்டக்டர் குரலில். பருந்து ராத்திரியில் நிற்கும் மாடி எது என்று கேட்டால், "சந்திரகிரி கோட்டைல கீதே அந்த ராஜா மஹாலு, அதும் மேலதான். போன வாரம்கூடப் பாத்தேன்" என்பான். அதற்குப் பிறகு ஸ்கூலில் எங்களைச் சந்திரகிரிக்கு அழைத்துப் போனார்கள். டீச்சர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. மொட்டைமாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கொண்டுவந்த நம்பரில் ஏதோ தப்பாக இருந்தது. அண்ணன் கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் நிறுத்தினான். பிறகு ஒரே வீச்சில் தாள்களைச் சேர்த்துத் திருப்பி, "அவ்ளோதான். கத்த வேற ஊருக்கு வேலைக்குப் போய்க்கிறான்" என்றான்.

"எந்த ஊருக்குண்ணா?"

"அது இதுல போடல. வருவான் வுடு."

சொன்னபடியே கொஞ்ச நாளில் பருந்து வந்துவிட்டான். அடுத்தடுத்துக் கிடைத்த நம்பர்களில் பறந்துகொண்டுதான் இருந்தான்.

ஊரில் யார் யார் கையிலோ பாஸ்போர்ட் புதிதாகத் தெரிய ஆரம்பித்த காலம் அது. தமிழ் மீடியம் படித்த நான் ஐடிஐ முடித்து மெட்ராஸில் வெல்டிங் பழகி, அங்கிருந்து மஸ்கட் போனேன். தெலுங்கு மீடியம் படித்த அண்ணனுக்கு எந்த ஆபீஸும் கதவு திறக்கவில்லை. ஒரு மில்லில் சூப்பர்வைசராகப் போனான். மஸ்கட்டில் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஊர் என்ற பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமை சத்தியவேட்டில் இருக்கும் எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணுவேன், அம்மாவும் அண்ணனும் வந்து காத்திருப்பார்கள். சில மாதம் கழித்து அம்மா மட்டும் வந்தார்.

"அண்ணன் எங்கம்மா?"

"பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கிறான்பா. நீ ஒயுங்கா துன்றியா?"

அடுத்த முறையும் பெங்களூர்தான். அதற்கடுத்த முறையும் அதேதான். நான் ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கான்ட்ராக்ட் முடிந்து மெட்ராஸில் இறங்கியபோது அண்ணன் வரவில்லை, மாமா வந்திருந்தார். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுச் சுவரில் போட்டோ இருந்தது. போட்ட மாலை எப்போதோ காய்ந்துபோய், மேலே பல்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மில்லிலிருந்து திரும்பும்போது புத்தூர் ரோட்டில் லாரி மோதி, நான் போன முதல் வருஷமே போய்விட்டிருந்தான். வர முடியாத இடத்தில் இருக்கிற பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவனையும் சேர்த்துக் கொல்வதா என்று எல்லாரும் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். என் பிள்ளைகளே, வளைகுடா போனவர்கள் வீடுகளில் இது புதிதில்லை. எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். நான் அம்மாவைச் சத்தம் போட்டேன். அவர் அழாமல் சொன்னார்: "நீ கேக்கல. நாங்க சொல்லல."

அந்த வார்த்தையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சோபாவில் நீ தம்பிக்கு மூன்றாவது தொகுதியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாய், ஹேமா. அவனுக்கு அந்த இங்கிலீஷ் இன்னும் ஓடாது. திடீரென்று உன் குரல் நின்றது. தாள்கள் ஒன்றாகத் திரும்பிய சத்தம் கேட்டது.

"அவன் எங்க போனான்?" என்று சரண் கேட்டான்.

"வேற ஊர்ல வேலை. வருவான்" என்றாய்.

யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டேன், இல்லையென்றால் சட்டை கருகியிருக்கும். நீங்கள் விளையாடப் போன பிறகு அந்தப் பக்கங்களைப் பிரித்தேன். தெலுங்கில் தெரியாதது இங்கிலீஷில் தெரிந்தது. பருந்து மழையில் செத்துக் கிடக்கிறான். பேச்சே இல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அண்ணன் தாண்டிய பக்கங்கள் இவைதான்.

அன்றைக்குச் சமையலறையில் உன்னிடம் கேட்டேன்.

"ஏம்மா தாண்டிப் படிச்ச?"

"சின்னப் பையன் நைனா, அழுவான். அஞ்சாவது புக்ல திரும்பி வந்துடறான். அப்புறம் எதுக்கு சொல்லணும்?"

பின்னால் வந்து நின்ற சரண், "எனக்குத் தெரியும்" என்றான்.

"பொய். உனக்குப் படிக்கவே வராது."

"படம் இருக்குதில்ல? அவன் செத்துட்டான்."

"அப்ப ஏன்டா கேட்ட?"

"நீ இன்னா சொல்றன்னு பாக்கத்தான்."

நீ அவன் தலையில் குட்டினாய், அவன் உன் ஜடையைப் பிடித்து இழுத்தான், இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்புசெட் ரூமில் நானும் அந்தப் படங்களைப் பார்த்தேன், சரண். அண்ணன் கை திருப்புகிற வேகத்துக்கு இடையில் மழையைப் பார்த்தேன், அந்த இறக்கை மண்ணில் கிடப்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எந்த ஊருக்கு என்று கேட்டேன். மஸ்கட் போன் பூத்திலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அம்மாவின் குரலில் எல்லாமே இருந்தது. பெங்களூரில் எந்த இடம், என்ன வேலை, நம்பர் என்ன என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் அண்ணன் பெங்களூரில் இருந்தான். இப்போதும் சில காலைகளில் எழுந்திருக்கும்போது அவன் அங்கேதான் இருக்கிறான். இங்கே வேலைக்குப் போகிற வழியில் உயரமான கட்டடங்களின் மேல்தளத்தைப் பார்க்கிறேன். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, அப்படியும் பார்க்கிறேன்.

ஆகவே உன் கேள்விக்கு நைனாவின் பதில் இது, ஹேமா. அடுத்த முறை லைப்ரரியிலிருந்து எடுத்து மறுபடி படிக்கும்போது முதல் நம்பரில் தொடங்க வேண்டாம். அதில் பருந்துக்கு இறக்கையே சரியாக வரையவில்லை, பேச்சும் மொட்டையாக இருக்கிறது. வேறு வேறு புத்தகங்களிலும் முதல் நம்பர் என்றே போட்டு ஏமாற்றவும் செய்கிறார்கள். இரண்டாவது தொகுதியில், அரண்மனை மாடியில் சண்டை நடக்கும் கதையில் தொடங்கு. புதிதாகப் படிப்பவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. யார் யார் என்று அங்கேயே விளங்கிவிடும். பிறகு மூன்றாவது. அதில் மழைப் பக்கங்களை இரண்டு பேரும் சேர்ந்து, ஒவ்வொன்றாக, மெதுவாகத் திருப்புங்கள். நான்காவதில் அவன் இல்லை. கதை போரடிக்கும், எல்லாரும் அவனைத் தேடுவார்கள். அதையும் படியுங்கள். அதற்குப் பிறகுதான் ஐந்தாவது. நான்காவதைப் படிக்காமல் ஐந்தாவதைத் திறந்தால், போகிறவர்கள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சரணுக்குப் படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற நீதான் எழுத்துக்கூட்டி அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பெரியப்பா போன பத்தி வரும்போது நிற்காதே, தாண்டாதே. அவன் ஏதாவது கேட்டால் சொல்லு. கேட்காவிட்டாலும் சொல்லு.

நேற்று தவணை முடிந்து புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நீங்கள் ஸ்கூலில் இருந்தீர்கள். லைப்ரரிச் சுவரில் இருக்கும் பெட்டிக்குள் ஒவ்வொரு தொகுதியாகத் தள்ளினேன். மூன்றாவது கொஞ்சம் சிக்கி, பிறகு விழுந்தது. வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். பக்கத்து சீட்டு காலி, வண்டி கத்தவில்லை. பிறகு சாய்ந்து, அந்த சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.