பீப் அடிக்காத புரோகிராம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு எண்பதுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அங்கே டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அதைத் தொட அனுமதி. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நைனா ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பார். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை.

முதலாளியை எல்லோரும் பாய் என்போம். அவர் இரண்டு ஃபிளாப்பிகளைக் கொடுத்தார். இரண்டிலும் ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம், வேறு வேறு கம்பெனி.

"நம்ம புள்ளைங்களுக்கு எது சுலுவா வரும்னு பார்த்து சொல்லும்மா. அதையே கிளாஸ் வெச்சுடலாம். சரியா சொன்னா நீயே எடு. இல்லன்னா விழுப்புரத்துலருந்து ஒரு சாரை கூப்டுக்கறேன்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்து, ஷட்டர் திறக்கும் முன்பே நின்றேன். முதல் புரோகிராமில் கட்டத்துக்குள் எதை அடித்தாலும் ஏற்றுக்கொண்டது. இரண்டாவதில் பெயர் எழுதுவதென்றால் முதலில் அதற்கென ஒரு கீயை அழுத்த வேண்டும். மறந்தால் பீப். என் வேகத்துக்கு அது எரிச்சலாக இருந்தது.

மாணவர்கள் அந்த மாதம் பயிற்சி செய்த மணிக்கணக்கை, வாரம் வாரமாக, முதல் புரோகிராமில் ஏற்றினேன். முப்பது பெயர், அரைமணி நேரம். 'முதலாவதே சிறந்தது, இரண்டாவது சும்மா கத்துகிறது, கூட்டலில் மெஷின் தவறாது' என்று எழுதிக் கொடுத்தேன். பாய் லிஸ்டை வெளியே ஒட்டினார். முப்பது மணி நேரத்துக்குக் குறைந்தவர்களை இந்தத் தடவை பரீட்சைக்கு அனுப்பப் போவதில்லை என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தளவானூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

"அக்கா, எனக்கு பதினஞ்சுன்னு போட்டுக்குது. நான் ஒரு நாள் கூட லீவு போடலியே."

"மெஷின் கூட்டினது. தப்பா வராது."

"அப்ப நான் வந்ததுதான் தப்பா?"

"வந்து தூங்கிட்டு போயிருப்பே" என்று அவள் தோழி சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

ரிஜிஸ்டரை எடுத்தேன். பதினொன்று, பன்னிரண்டு, ஏழு, எட்டு. முப்பத்தெட்டு வருகிறது. திரையிலும் அதே எண்கள்தான், கூட்டல் மட்டும் பதினைந்து. அதிகம் வந்தவர்கள் எல்லோருக்குமே கூட்டல் குறைந்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: ஏழும் எட்டும் கட்டத்தின் வலது ஓரத்தில் நின்றன, பதினொன்றும் பன்னிரண்டும் பெயர்களைப் போல இடது ஓரத்தில்.

எங்கள் டைப்ரைட்டர்களில் 1 என்ற எண்ணுக்குத் தனிக் கீ கிடையாது. ஆங்கிலச் சின்ன எழுத்து 'l'-ஐத்தான் அதற்குப் பதிலாக அடிப்போம். முதல் வாரத்திலேயே நான் சொல்லித்தரும் பாடம் அது. கம்ப்யூட்டரில் 1-க்கென்று கீ இருந்தும் என் விரல் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. புரோகிராம் அதை எழுத்து என்று எடுத்துக்கொண்டு, கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. மற்ற ஃபிளாப்பியைப் போட்டு அதே போல அடித்தேன். பீப். மறுபடியும் பீப்.

பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நான் எழுதிய தாள் அவர் மேஜைமேல் இருந்தது. எண்களைத் திருத்திப் புது லிஸ்ட் ஒட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அந்தப் பெண் தன் டைப்ரைட்டருக்குப் போகாமல் வெளியிலேயே நின்றாள்.

பாய் வந்ததும் சொன்னேன். "அந்த பேப்பர் தப்பு பாய். மத்த ஃபிளாப்பிதான் சரி. தப்பா அடிச்சா கத்துது."

"கத்துதுன்னுதானேம்மா நேத்து வேணாம்னே?"

"ஆமா. தப்பு என்னுது." விரல் போன இடத்தை அடித்துக் காட்டினேன்.

அவர் லிஸ்டைக் கிழித்தார். "விழுப்புரம் சாரையே கூப்டுடறேன்."

நான் விடவில்லை. "அவரு டைப்ரைட்டிங் படிச்சவரா பாய்?"

"இல்ல."

"நம்ம புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் அடிக்கும். எங்க தப்பு வருதுன்னு அவருக்குத் தெரியாது."

பாய் என்னையே பார்த்தார். "வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார்.

திங்கட்கிழமை கிளாஸ் நான்தான் எடுத்தேன். ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி ஆறு பேர். காலை முழுக்க பீப் ஓயவில்லை.