கொல்லையில் வெந்த நூடுல்ஸ்

அம்மா திரும்பி வந்த பதினோராம் நாள், பன்றிக்கறியைத் தேக்கிலையில் கட்டி வாங்கி வந்தாள்.

ஐந்து வருஷம் சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் சமையலும் பிள்ளை வளர்ப்புமாக இருந்துவிட்டு அரியலூருக்கு வந்தவள். அவள் போகும்போது எனக்கு நாலு வயது. அழுதேனாம். எனக்கு ஞாபகமில்லை. அப்பாவின் அக்காதான், என் அத்தைதான், என்னை வளர்த்தாள். அத்தை கையால் தின்று, அத்தை புடவையில் மூக்கைத் துடைத்து ஒன்பது வயதுக்கு வளர்ந்திருந்தேன். அதனால் வந்தவள் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றேன். சாக்லேட் வேண்டாம். கவுன் வேண்டாம். அவள் பிசைந்த சோறு பத்து நாளும் அவள் விரலிலேயே காய்ந்தது.

“நான் ஒண்ணு செஞ்சு தரேன். அதத் தின்னாத புள்ளைய நான் இன்னும் பாக்கல” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் ஆடு, கோழி உண்டு. பன்றி கிடையாது. மூலத்துக்கு மருந்து என்று பெரியப்பா ஒருமுறை தின்றார். அதையும் ஊருக்கு வெளியே தின்று, ஏரியில் முங்கிவிட்டுத்தான் வாசல் மிதித்தார்.

“இந்த வூட்டு அடுப்புல பன்னி ஏறாது, சொல்லிட்டேன்” என்றாள் அத்தை.

“சரிங்க அண்ணி. கொல்லையில வச்சுக்கறேன்.”

அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். அன்று விடுமுறை நாள், ஆனாலும் அவருக்குத் திடீரென்று ஷிப்ட் வந்துவிட்டது.

நூடுல்ஸ் என்ற சொல்லே எங்கள் தெருவுக்குள் வராத காலம். அம்மா மைதாவைப் பிசைந்தாள், பலகையில் தேய்த்தாள், மடித்து அரிவாள்மனையில் இழை இழையாக அரிந்தாள், துணிக்கொடியில் தொங்கவிட்டாள். காற்றில் ஆடியது மாவு. காக்கைகள் வந்தன, விரட்டினாள். தெரு வந்தது, சிரித்தது, அதை விரட்டவில்லை. கறியைப் பொடியாகக் கொத்தினாள். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு சோயா விழுதை எடுத்தாள்.

“வண்டி மையாட்டம் இருக்கு” என்றாள் அத்தை.

அடுப்புக்குக் கொல்லையில் கிடந்த மூன்று வெள்ளைக் கற்களைக் கூட்டினாள். சுண்ணாம்புக்கல். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் அதுதான். நெருப்பில் வைத்தால் வெடிக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்து வருஷம் காஸ் அடுப்பில் சமைத்தவளுக்கு மறந்திருந்தது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

கொழுப்பு உருகி, விழுது கொதித்து, கொல்லை முழுக்க இனிப்பும் உப்புமாக மணந்த நேரத்தில் ஒரு கல் படீரென்று பிளந்தது. வாணலி சாய்ந்தது. அம்மா வெறுங்கையால் பிடித்தாள். பாதி சாம்பலில். பாதி மிச்சம்.

கையை உதறக்கூட இல்லை. வாணலியை மண்ணில் இறக்கி வைத்துவிட்டு வேறு கல் தேடினாள். அத்தை உள்ளேயிருந்து மூன்று செங்கல்லைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டாள்.

“கல்லுதான் தரேன். என் அடுப்பத் தரல.”

அம்மா மறுபடி மூட்டினாள்.

நூடுல்ஸ் வெந்தது. மேலே கறுப்பாய், பளபளப்பாய் அந்தக் கறி. சன்னமாக அரிந்த வெள்ளரிக்காய். என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, அத்தனை பாடுபட்டு நீளமாக அரிந்ததையெல்லாம் தட்டிலேயே நறுக் நறுக்கென்று துண்டு துண்டாக வெட்டினாள். ஸ்பூனில் அள்ளி, ஊதி, எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ கொஞ்சலாகச் சொல்லி நீட்டினாள். நின்றுகொண்டிருந்த என் வாய்க்கு அது வரவில்லை. என் நெஞ்சுக்கு நேராக, ஒரு சின்னப் பிள்ளையின் வாய் இருக்கும் உயரத்தில் வந்து நின்றது.

“நான் என்ன கைக்கொழந்தையா?” என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல.

தட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நின்று, என் கையாலேயே வழித்துத் தின்றேன். ஒரு துண்டு விடவில்லை. ருசியோ ருசி. ஆனாலும் அவள் கையால் தின்னவில்லை, நான்தான் ஜெயித்தேன்.

அம்மா தொட்டிக்குப் போய், சிவந்த கையோடு, அந்தக் கத்தரிக்கோலை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். பன்றிக் கொழுப்பு லேசில் போகாதுபோல என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.