மடியில் இருந்த கையுறை

எங்கள் தொழிற்சாலையில் அவர் பெட்டி அடுக்குபவர். நரைத்த மீசை, எப்போதோ உடைந்து நிமிராமல் போன சுட்டுவிரல். ஒருகாலத்தில் மெக்சிக்கோ லீக்கில் சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடியவர். ஞாயிறுகளில் சென்ட் லோரன்ட் பூங்காவில் நாங்கள் ஆடும்போது, தன் பழைய தோல் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் இருப்பார். ஒருநாளும் அதை மாட்டமாட்டார்.

ஒரு ஞாயிறு எங்கள் அணியின் ஹெயிட்டிக்காரன் வரப் பிந்திவிட்டான். அவன் இடத்தில் ஆடச் சொல்லி இவரைக் கெஞ்சினோம். மறுத்துவிட்டார். நான் பக்கத்தில் போய்க் காரணம் கேட்டேன். உடைந்த பிரெஞ்சில் அவர் சொன்னது என் தமிழில் இப்படித்தான் வரும்:

"அங்க ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தவங்கள், தம்பி. என்ர கூட்டாளியும் வெளியில நிண்டவன். அவன்ர இடத்தில நான் இறங்கி ஆடினன்."

"வயித்துப்பாட்டுக்குத்தானே அண்ணை?"

"ஓம். ஆனா அண்டைக்கு நல்லா ஆடிப்போட்டன். சனம் எழும்பிக் கைதட்டினது வாசல்ல நிண்ட அவனுக்கும் கேட்டிருக்கும்."

அதற்குள் ஹெயிட்டிக்காரன் இடத்தில் நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். இரவல் கையுறையோடு போனேன். பந்து உயர வந்தது. கிரிக்கெட் ஆடிய பழக்கத்தில் கையுறையை மறந்து வெறுங்கையை நீட்டிப் பிடித்துவிட்டேன். எல்லாரும் கூவிக் கைதட்டினார்கள். எரிந்த கையை உதறிக்கொண்டு திரும்பினால், வேலிக்கு வெளியே ஹெயிட்டிக்காரன் மூச்சு வாங்க நிற்கிறான்.

அவர் மட்டும் கைதட்டவில்லை. எழும்பிப் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். என்ன சொன்னாரோ தெரியாது. ஆட்டம் முடியும்வரை அந்த வேலிப் பக்கம் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.