வட்டம் போடும் தையல்காரி

குதிகாலால் மூன்று தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். நடைபாதைக் கல் ஒரு பக்கம் ஏறி இறங்குகிறது. கைப்பையிலிருந்து துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்து, கல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நிமிர்கிறாள். கழுத்தில் அளவு நாடா ஆடுகிறது. பின்னால் வந்தவர்கள் வட்டத்தைப் பார்த்து விலகி நடக்கிறார்கள். அவள் அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள்.

வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆடும் கல், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, வாய் பிளந்த சாக்கடை எல்லாவற்றுக்கும் வட்டம் உண்டு. பழுது பார்த்தாயிற்று என்றால் தட்டிப் பார்த்து ஒரு சரிக்குறி. மழை அழித்தால் மறுநாள் மறுபடியும். இந்த ஊரில் அவள் தட்டிப் பார்க்காத கல் ஒன்று இருக்குமானால், அது நேற்றைக்குத்தான் முளைத்திருக்க வேண்டும்.

மாநகராட்சிக்குத் தினமும் ஒரு போன். அவள் குரல் கேட்டதும் அங்கே இருக்கும் குமாஸ்தா எழுந்து நின்றுவிடுவாராம். மரியாதைக்காக இல்லை, ஓடுவதற்காக.

வீட்டில் அவளுக்கு வாய்த்த விமர்சகர், கூடவே இருக்கும் நாத்தனார். தெருக்கோடி பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. நாக்கு மட்டும் ஓவர்டைம்.

"அண்ணி, ஊருக்கே அளவெடுத்து சட்டை தைக்கப் போறீங்களா?"

"நான் நடக்கிற ஊருடி. கிழிஞ்சு கிடந்தா பாத்துக்கிட்டே போக முடியுமா?"

இப்படிக் கிண்டல் செய்கிறவள்தான் வேலைக்குப் போகும்போது வட்டம் பார்த்து விலகி, சரிக்குறி பார்த்துக் கால் வைப்பாள். அவள் மட்டுமல்ல, தொழிற்சாலையே அப்படித்தான் நடக்கும்.

அந்தத் தொழிற்சாலை வாசலுக்கு நேராக ஒரு பாதாளச் சாக்கடைக் குழி நாற்பது நாளாக மூடியில்லாமல் கிடந்தது. நாற்பது நாளும் வட்டம் போட்டாள், நாற்பது போன் போட்டாள். போன திங்கட்கிழமை காலையில் பார்த்தால் புது மூடி! ஓரத்தில் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்த ஆள், அவள் காலைத் தூக்குவதைப் பார்த்துக் கத்தினான்.

"மிதிச்சிராதீங்க அக்கா, ஈரம்! சாயங்காலம் காஞ்சிரும். அப்புறம் யானை நின்னாலும் அசையாது."

தட்டிப் பார்க்க வழியில்லை. ஆனாலும் சந்தோஷம் யாரை விட்டது? மூடிக்குப் பக்கத்தில் வழக்கத்தைவிடப் பெரிய சரிக்குறியாகப் போட்டாள். வேலைக்குப் போனவர்கள் கை தட்டினார்கள். "இன்னிக்கு சாயங்காலம் சுத்தாம நேரா நடைதான்!" என்றாள் நாத்தனார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. கடைக்குள் அவள் ஒரு ரவிக்கையின் கை அளவைத் தேடி நோட்டைப் புரட்டினாள். நாற்பது நாளுக்கு முன்னால், யாரோ ஒருத்தியின் தோளுக்கும் இன்னொருத்தியின் இடுப்புக்கும் நடுவில், புகார் சொல்வதற்காகக் குறித்து வைத்தது கண்ணில் பட்டது: குழி வாய், இருபத்து மூன்றரை அங்குலம்.

காலையில் மூடியின் மேல் அச்சில் வார்த்திருந்த எண் நினைவுக்கு வந்தது. அறுபது. சென்டிமீட்டர்.

நாடாவைப் புரட்டினாள். ஒரு பக்கம் அறுபது. மறுபக்கம் இருபத்து மூன்றரையும் ஒரு நூலும், அதாவது அரைக்கால் அங்குலமும்.

தையலுக்கென்று விட வேண்டிய துணியை விடாமலே வெட்டியிருக்கிறார்கள். அந்த மூடி உட்கார இடமே இல்லை. ஈரச் சிமெண்ட்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் முக்கால் மணி நேரத்துக்கு மேலாக மழை.

மணி மூன்று ஐம்பது. நாலுக்குச் சங்கு ஊதும். மாநகராட்சி போனை எடுத்தது. "ஆள் அனுப்பறோம்மா" என்றது. நாத்தனார் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலைக்குள் போகும்போதே எல்லார் போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். துணி அளக்கும் மரக்கோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஐம்பத்து நாலு வயதில், செருப்பில்லாமல், எதிரே வந்த சைக்கிள்களைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

தெரு முழுக்கக் கணுக்காலுக்கு மேல் செம்மண் நீர். குழி எங்கே, சரிக்குறி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. தொழிற்சாலை வாசலிலிருந்து கோலால் குத்திக் குத்தி நகர்ந்தாள். கல். கல். கல். அப்புறம் கோல், பிடித்த கை வரைக்கும் உள்ளே போனது. அவளும் கூடப் போயிருப்பாள். பின்னால் சாய்ந்து, விழுந்து, எழுந்தாள். மூடி எப்போதோ உள்ளே போயிருந்தது.

சங்கு ஊதியது.

கதவு திறந்ததும் ஜனம் கொட்டியது. தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்தபடி, பஸ்ஸைப் பிடிக்க ஒரே ஓட்டம். முதல் வரிசையில் நாத்தனார்.

குழிக்கு முன்னால் நின்று அவள் ஒரு கையை நீட்டினாள்.

"நில்லுங்க! யாரும் வராதீங்க!"

"வழிய விடுங்க அண்ணி, இவங்களுக்கெல்லாம் பஸ் போயிரும்! காலைல நீங்கதானே சரி போட்டீங்க?"

"நான் போட்டது தப்புடி!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அப்ப மத்த சரியெல்லாம்?" என்றது ஒரு குரல். "வேலையத்த அம்மா, நகருங்க" என்றபடி ஒருத்தன் அவள் தோளை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவன் கண் முன்னாலேயே கோலைத் தண்ணீருக்குள் விட்டாள். ஒரு மீட்டர் கோல் முழுசாக உள்ளே போனது. அவன் வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

பின்னால் இருந்தவர்களுக்கு இது தெரியாதே. தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அவள் பாதம் அங்குலம் அங்குலமாகக் குழிப்பக்கம் வழுக்கியது. அப்போது நாத்தனார் பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பி நின்றாள். அண்ணியின் இடுப்பை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, தெருவே அதிரக் கத்தினாள்.

"எங்க அண்ணி சொல்றாங்க இல்ல? காது என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க? சுத்திப் போங்க எல்லாரும்!"

சுற்றிப் போனார்கள். முந்நூறு பேர் இருக்கும். நாத்தனாரைக் கேட்டால் மூவாயிரம் என்பாள், நானும் மறுக்கமாட்டேன்.

ஐந்தரைக்கு மாநகராட்சி வண்டி வந்தது. நாலு பேர் சேர்ந்து இறக்கிய இரும்பு மூடி, வாயைவிட நாலு அங்குலம் அகலம். அவளே நாடாவைப் பிடித்து அளந்த பிறகுதான் விட்டாள். பிறகு மூடியின் பக்கத்தில் போய் மறுபடியும் கையை நீட்டி நின்றுகொண்டாள்.

"அண்ணி, கையை இறக்குங்க. அதான் மூடியாச்சே."

இறக்கினாள். நாத்தனார் தன் துப்பட்டாவைப் பிழிந்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

எதிரே குடையோடு ஒரு பெரியவர் மூடியை நோக்கி நடந்து வந்தார். அவரைப் பார்த்ததும் அவள் கை தானாக மேலே எழுந்தது.