தலைமாட்டில் நின்றவள்

சசிரேகா அக்கா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நர்ஸ் என்றால் பாதிப் பொய். டாக்டர் என்றால் முழுப் பொய். உத்திரமேரூரில் நாங்கள் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் நின்று நோயாளிக்கு மயக்கம் கொடுப்பவர் அவர். எல்லாம் முடிந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவதும் அவர்தான். நான் எதிர்ப்பக்கம் நின்று டாக்டருக்குக் கருவிகள் எடுத்துக் கொடுப்பேன்.

அக்கா படித்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே அப்போது மயக்கத்துக்கென்று தனி டாக்டர் கிடையாது. மூக்கின் மேல் துணியை வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவது நர்சுகளின் வேலை. நர்சுக்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்து வந்த வேலை அது. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்த நர்சுகள் கோர்ட்டு வரைக்கும் போய் மல்லுக்கட்டி, தனிப் படிப்பும் பட்டமும் வாங்கிக்கொண்டார்களாம். இங்கே மல்லுக்கட்ட ஆளில்லை. மயக்கம் டாக்டர்களின் படிப்பாயிற்று, மிஷன் ஆஸ்பத்திரியும் பயிற்சியை நிறுத்திவிட்டது. கற்றுக்கொண்டவர்கள் கையில் வேலை இருந்தது, அதற்குப் பேர் இல்லை.

எங்கள் டாக்டர் வேதாசலத்துக்கு அது வசதியாகப் போயிற்று. செங்கல்பட்டிலிருந்து மயக்க டாக்டர் வர முடியாத நாட்களில் அக்காவையே பார்த்துக்கொள்ளச் சொல்வார். போகப் போக அந்த டாக்டரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். தப்பு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாததால் தெரியாத மாதிரியே இருந்துவிட்டோம்.

மயக்கம் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட்டது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பயனில்லை. ஆபரேஷன் என்றால் விடியற்காலையில் கோயிலுக்குப் போவார்கள். அங்கே கொடுத்த பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதனால் அக்கா எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"காலைல எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்க?"

வளர்மதியிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. அவள் அக்காவுடைய அண்ணன் மகள், பழையசீவரத்துப் பெண். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மார்பில் ஒரு சின்னக் கட்டி, அதை எடுத்துவிட்டால் நிம்மதி என்றுதான் வந்தாள். முந்தின நாளே அக்கா போன் போட்டு, காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று அண்ணி ஆதிலட்சுமியிடம் சொல்லியிருந்தார். சொந்த வீட்டு ஜனம், அதுவும் சொல்லியாயிற்று, அப்புறம் என்ன கேள்வி என்று விட்டுவிட்டார். மேசையில் படுத்துக்கொண்டு அந்தப் பெண், "அத்தே, கனவு கினவு வருமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் குமட்டினாள். அக்கா தலையைச் சாய்த்து, குழாயை வாயில் விட்டு உறிஞ்சினார். வந்தது சர்க்கரைப் பொங்கல். பச்சைக் கற்பூர வாசம் அந்த அறை முழுக்க அடித்தது. நானும் பார்த்தேன். டாக்டர் ஆக்சிஜன் ஆக்சிஜன் என்று கத்திக்கொண்டு மிஷினைத் திருகிக்கொண்டிருந்தார். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், செயற்கை மூச்சில் வைத்துப் பார்த்தும் பிழைக்கவில்லை.

அங்கிருந்து நாங்கள் வெளியே வந்தபோது ஆதிலட்சுமியின் நெற்றியில் காலையில் வைத்த கோயில் குங்குமம் அப்படியே இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"சொல்லாத லீலா. புள்ளய இழந்துட்டு நிக்குது. தன் கையால குடுத்ததுதான்னு தெரிஞ்சா அது உசுரோட இருக்குமா? கேக்க வேண்டியவ நானு. கேக்கல."

அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். யார் சொல்லி மயக்கம் கொடுத்தாய் என்று கேட்டார்கள். அக்கா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார், அப்புறம் தான் சொல்லவில்லை என்றார். பயந்துபோன மனிதர், அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மருந்து அதிகமாகிவிட்டதா என்ற கேள்விக்கு அக்கா, இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். மருந்து அதிகமாகவே இல்லை. நர்ஸ் வேலைக்கான பதிவும் போயிற்று. அண்ணன் வெங்கடேசன் தங்கையின் முகத்தில் முழிக்காமலேயே செத்துப்போனார். பழையசீவரத்தில் அக்காவுக்கு வைத்த பேர் கொலைகாரி. இத்தனை வருஷம் வேலைக்குத்தான் பேர் இல்லை, கடைசியில் இப்படி ஒன்று கிடைத்தது.

போன தை மாதம் ஆதிலட்சுமிக்கு முடியாமல் போய், அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். இன்றைக்காவது விஷயம் உடையட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அக்கா போய்ப் பழக்கதோஷத்தில் தலைமாட்டில் நின்றார். இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே வைத்து நாடி பார்த்தார்.

ஆதிலட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"அன்னிக்கு நரசிம்மரு மலை ஏறி வேண்டிக்கினு, பிரசாதத்த எங் கையால ஊட்டித்தான் அனுப்புனேன். சாமியே காப்பாத்தியிருக்கும். நீதான் கெடுத்துட்ட. ஆனா சாவப்போற நேரத்துல எனக்கு எதுக்கு இந்தக் கோவம். உன்ன மன்னிச்சிட்டேன் சசி."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அக்காவைப் பார்த்தேன். சொல்லு, இப்பவாவது சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன்.

"சரி அண்ணி," என்றார் அக்கா. "நீ தூங்கு."